மறியல் வாரத்து மஞ்சள் சீட்டு

அன்று கம்பெனியில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டோர் சாவி வைத்திருந்த நான். கேட்டில் வாட்ச்மேன் காசிம் பாய். பாட்டில் கழுவும் பிரிவில் வேலை செய்த பச்சையம்மா. பக்கத்து ஊர் என்பதால் நடந்தே வந்துவிட்டிருந்தார். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த கோவிந்தன், பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம். ஐந்தாவது ஆள் கம்பெனிக்காரர் அல்ல. கோவிந்தனின் தாய்மாமன் வெள்ளையன், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவர். முடிவு சொல்ல இருக்க வேண்டியவர்கள் இரண்டு பேரும் இல்லை: முதலாளி மெட்ராஸில் இருந்தார், கெமிஸ்ட் அம்மா விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: அங்கே யோசிக்கிற ஆள் ஒருத்தர்கூடவா இல்லை என்று. இருந்தோம். ஐந்து பேரும் யோசித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஸ்டோருக்கும் சோதனைக்கூடத்துக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். பாட்டில் கழுவச் சேர்ந்து, பெட்டி கட்டி, கடைசியில் ஸ்டோர் சாவி கைக்கு வந்தது. சாவி எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் திறமை இல்லை, பயம். பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போவேன், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போவேன். இப்படிப்பட்டவனிடம் சாவி இருந்தால் ஒரு சாமான் வெளியே போகாது என்று முதலாளி நினைத்தார். சரியாகத்தான் நினைத்தார்.

கம்பெனி கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், இரண்டு ஷெட்டும் ஒரு கொதிகலனுமாக இருந்தது. நரம்பு வழியாக ஏற்றுகிற சலைனும் குளுக்கோஸும் கண்ணாடி பாட்டிலில் அடைத்து அனுப்புவோம். ஜனங்களுக்கு இரண்டும் குளுக்கோஸ் பாட்டில்தான். பாட்டிலை அடைத்து, நீராவியில் வேகவைத்து, ஸ்டோரில் அடுக்கியதும் பெட்டிமேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சத்துக் கரைசல் உள்ள குழாய்களில் விட்டு, இளஞ்சூட்டுப் பெட்டியில் இரண்டு வாரம் வைப்பார்கள். கிருமி இருந்தால் குழாய் கலங்கும். கலங்காமல் தெளிவாகவே இருந்தால் கெமிஸ்ட் அம்மா கையெழுத்துப் போட்டு மஞ்சளைக் கிழித்துப் பச்சை ஒட்டுவார். பச்சை ஒட்டினால்தான் அது மருந்து. அதுவரைக்கும் அது வெறும் பாட்டில். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான், உங்களுக்கு மெஷின் ஜாஸ்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோவிந்தன் வந்த முதல் வாரத்திலேயே கெமிஸ்ட் அம்மா அவனைக் கூப்பிட்டு ஒரு பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டச் சொன்னார். பழைய பாட்டில், சோதனையில் தோற்ற பேட்ச். உள்ளே பஞ்சு இழை மாதிரி ஒன்று மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. பூஞ்சை. “இதே பேட்ச்ல மீதி பாட்டில் எல்லாம் பாக்கறதுக்குத் தண்ணி மாதிரி சுத்தமாத்தான் இருந்துச்சு கோவிந்தன். இது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரிஞ்சது. யாரோட கைல ஏறியிருக்கும்னு நீ நெனச்சுப் பாத்துக்கோ” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. கோவிந்தன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சூட்டுப்பெட்டி முன்னால் அவன்தான் நின்றான். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஒவ்வொரு குழாயாக எடுத்துப் பார்த்து எழுதுவான். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் சர்டிபிகேட்டுக்காக வருவார்கள். இவன் வேலைக்காக வந்த மாதிரி இருந்தான். பயிற்சி முடிந்ததும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று கெமிஸ்ட் அம்மா முதலாளியிடம் பேசியும் வைத்திருந்தார்.

அவன் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். பெட்டி கட்டுகிற இடத்தில் இதை வைத்து அவனை வம்புக்கு இழுப்பார்கள்.

“ஒனக்கு இன்னாப்பா, மலையாளு. காலேஜ் சீட்டு வூடு தேடி வருது. நாங்கதான் ரோட்ல நிக்கணும்.”

“எங்க ஊருக்கு பஸ்ஸே வரலண்ணே, சீட்டு மட்டும் எப்டி வரும்? அதுவும் நடந்துதான் வரணும்” என்பான் கோவிந்தன். வம்புக்கு இழுத்தவனே சிரித்துவிடுவான்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் இறங்கிய வருஷங்கள் அவை. அந்த மறியல் வாரத்தில், சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். ஒரு பக்கம் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்பதாகச் சேதி வந்தது, இன்னொரு பக்கம் துப்பாக்கிச் சூடு என்றார்கள், எது நிஜம் எது புரளி என்று தெரியவில்லை. கரண்ட் கம்பத்தின்மேல் மரம் விழுந்து கரண்ட் போனது. டெலிபோனும் செத்தது. வேலைக்கு அநேகமாக யாரும் வரவில்லை. வந்த பச்சையம்மாவும் வாசலில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

“என் புள்ளையும் கோடாலி எடுத்துக்கினு போயிருக்கான். பத்து முடிச்சிட்டு வூட்லயே குந்திக்கினு இருக்கான், மூணு வருஷமா. போவாதடான்னு எந்த வாயால சொல்றது? போடான்னும் சொல்ல முடியல.”

“சொல்லலன்னாலும் போவான், சொன்னாலும் போவான். நீ எழுந்து வேலையப் பாரு” என்றார் காசிம் பாய்.

“வேல எங்க பாய் இருக்குது, கரண்ட்டே இல்ல” என்றார் பச்சையம்மா. அவர் எழுந்திருக்கவில்லை.

மறியல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே முதலாளி பச்சை ஒட்டிய சரக்கு முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லியிருந்தார். அனுப்பிவிட்டேன். ஸ்டோரில் மீதி இருந்தது ஒரே பேட்ச், மஞ்சள் சீட்டோடு. அதைப் பற்றி கெமிஸ்ட் அம்மா தனியாகவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பாட்டில்களை வேகவைத்த அன்று கரண்ட் விட்டு விட்டு வந்தது, நீராவி சரியாக ஏறியதா என்று அவருக்கே சந்தேகம். சோதனை முடியாமல் அதை யாரும் தொடக்கூடாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் கோவிந்தனும் இருந்தான்.

பகல் உச்சிக்கு வந்தபோது வெள்ளையன் வந்தார். தலையில் துண்டு, காலில் செருப்பு இல்லை. இராத்திரியே மலை இறங்கத் தொடங்கி, கச்சிராயபாளையத்தில் யாரிடமோ சைக்கிள் வாங்கி, மரம் கிடக்கிற இடமெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டி வந்திருக்கிறார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். காசிம் பாய் தண்ணீர் கொடுத்தார். கோவிந்தன் ஓடிவந்தான்.

“இன்னா மாமா?”

“சின்னப்பொண்ணு படுத்துட்டாடா.”

சின்னப்பொண்ணு கோவிந்தனின் தங்கை. கோவிந்தன் அவளைப் பற்றி அடிக்கடி பேசுவான்; ஆறாவதோடு நிறுத்திவிட்டார்கள், தனக்குச் சம்பளம் வந்ததும் மறுபடி பள்ளிக்கூடம் அனுப்பப் போகிறேன் என்பான்.

வெள்ளையனைச் சோதனைக்கூடத்துக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தோம். அங்கேதான் நிழலாக இருந்தது. கண்ணாடி அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். மழைக்குப் பிறகு ஊற்றுத் தண்ணீர் கெட்டு ஊரில் நாலைந்து பேருக்கு வாந்திபேதி. மற்றவர்கள் தேறிக்கொண்டார்கள். இவளுக்கு நிற்கவில்லை.

“நர்ஸம்மா வூட்டுக்கே வந்து குந்திக்கினு இருக்காங்க. ஊசி இருக்குது, டியூப் இருக்குது, பாட்டில் இல்ல. கீழேருந்து ஜீப்பு வந்தாத்தான் பாட்டிலாம். பாட்டில் மட்டும் கொண்டா, மத்தத நான் பாத்துக்கறேன்றாங்க. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கயும் தீந்துபோச்சு. மருந்துக்கடை ஒண்ணும் தொறக்கல. ஆஸ்பத்திரிலதான் சொன்னாங்க, அந்த ரோட்ல கம்பெனி இருக்குதே, போய்க் கேளுன்னு. நம்ம கோவிந்தன் இருக்கற எடம்தானேன்னு ஓடியாந்தேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஒண்ணு ரெண்டு குடுத்தீங்கன்னா போதுங்க” என்றார்.

சோதனைக்கூடத்திலிருந்து பார்த்தால் ஸ்டோரின் கம்பிவலைக் கதவு தெரியும். உள்ளே அடுக்கடுக்காகப் பெட்டிகள். மேல் பெட்டி ஒன்று திறந்திருந்தது, பாட்டில் கழுத்துகள் தெரிந்தன. வெள்ளையன் அதைப் பார்த்துவிட்டார்.

“அதோ இருக்குதே” என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

சாவி என் இடுப்பில் இருந்தது. கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் ஜெயில், கம்பெனி மூடிவிடுவார்கள், இத்தனை குடும்பம். கொடுக்காமல் ஏதாவது ஆகிவிட்டால் அதுவும் நான்தான். டெலிபோனை எடுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேட்பதற்கு மேலே ஆளே இல்லாத ஒரு வேளை வாழ்க்கையில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்போது நான் ஒன்று செய்தேன். கோவிந்தனைப் பார்த்து, “குழாய் பாக்கறவன் நீதான். உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு, தொறக்கறேன்” என்றேன்.

அவனுக்கு மரியாதை கொடுத்ததாகத்தான் அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. அந்த அறையில் அந்த முடிவை யார் எடுக்கக்கூடாதோ அவன் தலையில் அதை வைத்தேன்.

கோவிந்தன் சூட்டுப்பெட்டியைத் திறந்து குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தான். காசிம் பாயும் எட்டிப் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரி இருக்குதே தம்பி. எடுத்துக் குடுத்து அனுப்பு.”

“பொட்டி சூடே இல்ல பாய். கரண்ட் போனதுலேருந்து ஆறிப்போய்க் கெடக்குது. உள்ள கிருமி இருந்தாலும் சரியா வளந்திருக்காது. தெளிவா இருக்குதுன்னு நான் எப்டிச் சொல்றது?”

“அவ கண்ணு உள்ள போயிடுச்சுடா. கிருமியப் பத்திப் பேசிக்கினு இருக்கற” என்றார் வெள்ளையன்.

“வாயில குடிக்கறதுன்னா நானே எடுத்துக்கினு ஓடியிருப்பேன் மாமா. இது ரத்தத்துல போறது. கெட்டுப்போயிருந்தா, இருக்கற உசுரும் நிக்காது.”

பச்சையம்மா கதவருகே நின்றிருந்தார். “தம்பி, அந்தப் பாட்டிலக் கழுவினது நான்தான். ஒண்ணொண்ணும் என் கையால கழுவினது. என் கைமேல நம்பிக்கை இல்லியா?” என்றார்.

“உங்க கையச் சொல்லலக்கா. வேகவச்ச அன்னிக்குக் கரண்ட் போச்சே. உங்க கை இன்னா பண்ணும்?”

அவன் குரல் உயரவே இல்லை. குழாய்களைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தான். பெட்டியை மூடினான். என்னைப் பார்த்து, “தொறக்க வேணாண்ணே” என்றான்.

வெள்ளையன் எழுந்து நின்று அவனைப் பார்த்தார். “இதுக்காடா உன்னப் படிக்க வச்சோம்?” என்றார். அதட்டலாக இல்லை, நிஜமாகவே கேட்கிற மாதிரி கேட்டார்.

வாயில் கொடுக்க முடிந்ததைச் செய்தோம். மூலப்பொருளாக வைத்திருந்த உப்பும் குளுக்கோஸ் பொடியும் கோவிந்தனே நிறுத்து, ஒரு சொம்பு காய்ச்சின தண்ணீருக்கு ஒரு பொட்டலம் என்று கட்டினான். காசிம் பாய் தன் சைக்கிளையும் கொடுத்தார். மாமனும் மருமகனும் ஆளுக்கொரு சைக்கிளில் புறப்பட்டார்கள். வழியில் மறிப்பார்கள் என்று பச்சையம்மா தன் மகன் பெயரைச் சொல்லி அனுப்பினார். மறித்தவர்களே இரண்டு இடத்தில் சைக்கிளை மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்தார்களாம்.

பாதை திறந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகு கெமிஸ்ட் அம்மா வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “சரியாத்தான் செஞ்சிருக்கீங்க” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், “சரிதான், வேற இன்னா செய்ய முடியும்” என்றார். அவர் விழுப்புரத்துக்காரர், பதற்றம் வந்தால்தான் இன்னா என்பார்.

கோவிந்தன் அதற்கு அடுத்த வாரம் வந்தான். காசிம் பாயின் சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

“நாங்க போம்போது முழிச்சிப் பாத்தாண்ணே. நான்தான்னு தெரிஞ்சுது. பொட்டலத்தக் கரைச்சு ஊத்தினோம், உள்ள நிக்கவே இல்ல. நர்ஸம்மா நரம்பு தேடி வச்சிக்கினு, கையப் புடிச்சிக்கினே குந்தியிருந்தாங்க. பாட்டில் இருந்திருந்தா ஏத்தியிருப்பேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. மறுநாள் வரைக்கும் இருந்தா.”

அந்த பேட்சுக்கு முதலிலிருந்து சோதனை வைத்தார்கள். தேறியது. ஒரு குழாய்கூடக் கலங்கவில்லை. மஞ்சளைக் கிழித்துப் பச்சை ஒட்டுகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். “நானே ஒட்டறண்ணே” என்று பசைக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். பெட்டி பெட்டியாக ஒட்டினான். இதைவிட மோசமாக ஒன்று இனி இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு நான் எண்ணிக்கை எழுதினேன்.

இருந்தது. அவன் மனம் ஒரு வேலையில் இருக்கட்டும் என்று கெமிஸ்ட் அம்மா நல்ல எண்ணத்தில்தான் அதைக் கொடுத்தார்: மாதிரி அலமாரியைச் சரிபார்த்துக் கொடு என்று.

உங்களில் ஸ்டோருக்கு வந்தவர்களுக்கு அது என்ன என்று தெரிந்திருக்காது. பச்சை வாங்கி வெளியே போகிற ஒவ்வொரு பேட்சிலிருந்தும் இரண்டு மூன்று பாட்டிலைப் பச்சைச் சீட்டு ஒட்டி நாங்களே நிறுத்தி வைத்துக்கொள்வோம். பிற்பாடு எங்கிருந்தாவது புகார் வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு. காலாவதி ஆகிறவரை அவை அந்தக் கண்ணாடி அலமாரியில் இருக்கும். விற்கக்கூடாது. என் கணக்கில் வராது, என் சாவியிலும் வராது. தினமும் கண்முன்னால்தான் இருக்கும். ஆனால் சரக்கு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், அந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே இல்லை என்போம். பொய் சொல்வதாக எங்களுக்குத் தோன்றாது. எங்கள் மனதில் அது மருந்தே இல்லை, சாட்சி. வருஷக்கணக்கில் அப்படியே பேசிப் பழகியிருந்தோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கோவிந்தன் என்னைக் கூப்பிட்டான். போனேன். அலமாரிப் பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தான். வெயில் அவற்றின் வழியாக விழுந்தது.

“இதுல ஒட்டியிருக்கறது இன்னா கலர் சீட்டுண்ணே?”

“பச்சை.”

“தேதி?”

எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் காலம் இருந்தது.

“மாமா அன்னிக்கு எங்க குந்திக்கினு இருந்தாரு?”

நான் திரும்பிப் பார்த்தேன். அலமாரியின் கதவு திறந்து கிடந்தது. அவர் முதுகைச் சாய்த்திருந்த கதவு.

“இதுக்குப் பூட்டுகூட இல்லண்ணே” என்றான் கோவிந்தன். “ஒரு கொக்கிதான்.”

கெமிஸ்ட் அம்மா வாசலில் வந்து நின்றது அப்போதுதான். மேஜையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

“நீங்க இருந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பீங்க மேடம்” என்றான் கோவிந்தன். குத்திக்காட்டவில்லை. அப்படி ஒன்றை அவர் வாயால் கேட்டால் போதும் என்று இருந்தான்.

அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “எனக்கும் தோணியிருக்காது கோவிந்தன்” என்றார். “போன்ல கெடைச்சிருந்தாலும் மஞ்சளத் தொறக்காதீங்கன்னுதான் சொல்லியிருப்பேன். வேற எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.”

பாட்டில்களை அவன் மறுபடி அலமாரியில் அடுக்கினான். ஒன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டான்.

“இது எனக்கு வேணுண்ணே. சும்மா வேணாம், வெலைக்கு. காசு அப்பறம் தரேன், எழுதிக்குங்க.”

“எதுக்குப்பா?” என்றேன். அவன் அதற்குள் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான். கெமிஸ்ட் அம்மா தலையை அசைத்தார். மாதிரியில் ஒன்று குறைந்தால் மருந்து இன்ஸ்பெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்லிக்கொள்கிறேன், விற்றதாக எழுதுங்கள் என்றார். அன்று சாயங்காலம் போனவன் திரும்ப வரவில்லை. பயிற்சி முடிய இன்னும் நாள் இருந்தது.

கெமிஸ்ட் அம்மா அவனுக்குச் சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் கல்லூரிக்கும் போகவில்லை என்று தெரிந்து, அதை என்னிடம் கொடுத்து, எப்படியாவது சேர்த்துவிடுங்கள் என்றார். மலைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. கச்சிராயபாளையம் சந்தைக்கு மலையாட்கள் வருவார்கள் என்று அங்கே போய் நின்றேன். புளியும் கடுக்காயும் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார் வெள்ளையன். என்னைப் பார்த்ததும் எழுந்து சாக்கைத் தட்டி உட்காரச் சொன்னார்.

“அவன் படிப்ப வுட்டுட்டான்ங்க. சாமை வெதைக்கறான், மூட்டை தூக்கறான். பேச்சு கம்மி ஆயிடுச்சு. ஒரு குளுக்கோஸ் பாட்டில் கொண்டாந்து வூட்டு வாசல்கிட்ட கட்டித் தொங்கவுட்டிருக்கான். யாரையும் தொடவுட மாட்றான். யாரு படுத்தாலும் ஒண்ணாவது இருக்கட்டும்றான். நர்ஸம்மா பாத்துட்டு, தேதி முடிஞ்சா தூக்கிப் போட்ருடான்னாங்க. எங்க கேக்கறான்.”

சர்டிபிகேட்டை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். பிறகு என் கையைத் தொட்டார்.

“அன்னிக்கு நான் அவன ஒரு வார்த்த கேட்டுட்டேன், அதுதாங்க மனசுல கெடக்குது. கெட்ட சரக்கக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னான், அது ஞாயம்தானே. நீங்களும் இன்னா பண்ணுவீங்க. நல்லது ஒண்ணு இருந்திருந்தா குடுக்காமயா இருந்திருப்பீங்க.”

கோவிந்தன் அவரிடம் அலமாரியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சந்தை இரைச்சலில் ஒருத்தன் வந்து கடுக்காய் விலை கேட்டான், அவர் திரும்பிப் பேசினார். நான் எழுந்துவிட்டேன்.

“இருங்க, இருங்க. பாட்டிலுக்குக் காசு தரணும்னு சொன்னான். எவ்ளோங்க அது?” என்று மடியை அவிழ்த்தார்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் காசை அவர் கையிலிருந்து வாங்க என்னால் முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் சீட்டைத் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். கோவிந்தன் சொன்னது அன்றும் சரி, இன்றும் சரி, தேறியது தெரிந்த பிறகும் சரி. நாங்கள் ஐந்து பேரும் ஒரே கதவைப் பார்த்து, திறக்கலாமா கூடாதா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். கேள்வி அந்த ஒன்று மட்டும்தான் என்று ஆகிவிட்டது. ‘இருக்கிறதா’ என்று ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால், சாவியைத் தொடாதீர்கள், கணக்கை நினைக்காதீர்கள். எழுந்து ஒவ்வொரு அறையாகப் போய்க் கண்ணால் பாருங்கள். யாருக்கு வலிக்குமோ அவரிடம் முடிவைத் தள்ளாதீர்கள். இதை எனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு ஒருநாள் அவசரம் என்று யாராவது வந்து நிற்கும்போது, முதலில் சாவியைத்தான் தேடுவார்கள். நானே அப்படித்தான் தேடினேன், ஓய்வு பெறுகிற வருஷம் வரைக்கும்.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் முதலாளி அந்தப் பாட்டில் பாக்கியைப் பார்த்துவிட்டு, “இதை ஏன்யா இழுத்துக்கினு போற, தள்ளிவுடு, இல்ல நீயே போட்டு முடி” என்பார். என் பையில் பணம் இருக்கும். போட்டதில்லை. தள்ளவும் இல்லை. கம்பெனி கை மாறியபோதும், நான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்றும், கோவிந்தன் பெயரில் அது அப்படியேதான் நின்றது: ஒரு பாட்டில், வர வேண்டியது பதினோரு ரூபாய் இருபது காசு.